ஒரு ஸ்கேன் ஆப் என் கூகுள் டிரைவ் முழுவதையும் பார்க்க அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஆப் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை டிரைவில் போட்டு வைக்க, டிரைவ் முழுவதும் திறந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இதற்கென்றே ‘டிரைவ்.ஃபைல்’ என்று ஒரு குறுகிய அனுமதியை கூகுள் வைத்திருக்கிறது. ஆப் தானே உருவாக்கிய கோப்புகளும், நீங்களாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவையும் மட்டும்தான் அதற்குத் தெரியும். டிரைவைப் போலவே கோப்புகளை இணையத்தில் வைக்கும் டிராப்பாக்ஸிலும் ஆப்புக்கென்று தனி ஃபோல்டரோடு நிறுத்திக்கொள்ள வழி உண்டு.

அப்புறம் ஏன் முழுசாகக் கேட்கிறார்கள்? பெரும்பாலும் சோம்பல்தான். நானும் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கடைக்காரருக்கு பில் பேக்கப் எடுக்கும் ஆப் எழுதிக் கொடுத்தேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று முழு அனுமதி வாங்கினேன். சோதித்துப் பார்த்தபோது அவருடைய கோப்புப் பட்டியல் என் திரையில் வரிசையாக ஓடியது. பில்களுக்கு நடுவில் மகளின் ஆதார் நகல், மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட், வீட்டுப் பத்திரம். அவர் என்னை நம்பிக் கொடுத்தது பில்லை மட்டும்தான். அன்று இரவே உட்கார்ந்து குறுகிய அனுமதிக்கு மாற்றினேன். பழைய டோக்கனை, அதாவது அவருடைய டிரைவைத் திறக்க ஆப்பிடம் இருந்த டிஜிட்டல் சாவியை, ரத்து செய்துவிட்டு, காலையில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

கூகுளின் திரைதானே கேட்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. 2017 மே மாதம் ‘கூகுள் டாக்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு போலி ஆப் பரவியது. அது யாருடைய பாஸ்வேர்டையும் கேட்கவில்லை. கூகுளின் உண்மையான அனுமதித் திரையில்தான் மக்கள் ‘அனுமதி’யை அழுத்தினார்கள். உடனே அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர்கள் பெயரிலேயே மெயில் போனது. இன்று டிரைவ் முழுவதையும் கேட்கும் ஆப்களை கூகுள் கடுமையாகச் சோதிக்கிறது, சரி. ஆனால் எதைக் கேட்பது என்று முதலில் முடிவு செய்வது கோட் எழுதுகிறவர்தான். அந்தப் பொறுப்பை அவர் கூகுளின் தலையில் கட்ட முடியாது.

ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்தால், போனிலிருந்து ஆப்பைத் தூக்கினால் மட்டும் போதாது. அனுமதி அப்படியே இருக்கும். கூகுள் கணக்கின் அமைப்புகளில் மூன்றாம் தரப்பு ஆப்களின் பட்டியலுக்குப் போய் இதன் அணுகலை நீக்குங்கள். அதற்குள் அவர்கள் சர்வருக்குப் போன நகல்கள் இதனால் அழியாது. ப்ளே ஸ்டோரில் டெவலப்பரின் மெயில் முகவரி இருக்கும். என் கோப்புகளை அழித்துவிட்டுப் பதில் போடுங்கள் என்று இன்றைக்கே எழுதிவிடுங்கள்.