கட்டை கட்டையாக ஓர் அழகன்குளம்: பள்ளிக்கூடமும் மெய்நிகர் உலகமும், கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளி ஒன்றில் கணினி ஆசிரியராக இருக்கிறேன். ஆறு வருடமாகப் பிள்ளைகளை மெய்நிகர் உலகங்களில் இறக்கிப் பாடம் நடத்திப் பார்க்கிறேன். சிலது தேறியது, சிலது நன்றாகவே சொதப்பியது. "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கீழக்கரை, ஆறாம் வகுப்பு ஆசிரியை: மெய்நிகர் உலகம் என்றால் கண்ணில் மாட்டுகிற அந்தப் பெட்டிதானே?

இல்லை டீச்சர். கணினிக்குள் ஓர் இடம் இருக்கிறது, அதில் பிள்ளைக்கு ஓர் உருவம் இருக்கிறது, அந்த உருவம் நடக்கும், கட்டும், பக்கத்து உருவத்தோடு பேசும். அவ்வளவுதான். சாதாரணத் திரையில் சுட்டியைப் பிடித்துக்கொண்டே செய்யலாம். 2003-ல் வந்த செகண்ட் லைஃப் முதல் இப்போதைய மைன்கிராஃப்ட் வரை பெரும்பாலும் திரையில்தான் ஓடுகின்றன. கண்ணாடிப் பெட்டி வேறு கதை, கீழே வருகிறேன்.

திருவாடானை பக்கம், தலைமையாசிரியர்: எங்களிடம் பத்து கணினி, எல்லாம் பழசு. நெட் வந்தால் வரும். காசு கிடையாது. ஏதாவது நடக்குமா?

நடக்கும் சார். நெட் இல்லாமல் நடப்பதுதான் நல்லது என்றுகூடச் சொல்வேன்.

லுவாண்டி என்று ஒன்று இருக்கிறது, மைன்கிராஃப்ட் மாதிரியே கட்டை கட்டையாக அடுக்கி உலகம் கட்டுகிற மென்பொருள். பழைய பெயர் மைன்டெஸ்ட், 2024 அக்டோபரில்தான் பெயரை மாற்றினார்கள். கட்டற்ற மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது, பழைய கணினியிலும் ஓடும், லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும். மைன்கிராஃப்டின் கல்விப் பதிப்பு 2016-ல் வந்தது. பாடத்திட்டங்களோடு அழகாக இருக்கும், ஆனால் ஆளுக்கு ஒரு கணக்கு, வருடச் சந்தா. நம் பள்ளிகளுக்கு அது ஒத்து வராது.

செய்ய வேண்டியது இதுதான். இருப்பதில் நல்ல கணினி ஒன்றில் லுவாண்டியைச் சர்வராக ஓட்டுங்கள். மற்ற ஒன்பதும் லேபில் இருக்கிற அதே கேபிள் வழியாக அதில் வந்து சேரும். வெளியுலகத் தொடர்பே தேவையில்லை. நிறுவியதும் வெறும் கூடுதான் வரும், உள்ளே விளையாட எதுவும் இருக்காது. பதறாதீர்கள். "மைன்டெஸ்ட் கேம்" என்ற அடிப்படைப் பொதியை நெட் இருக்கிற இடத்தில் ஒரு தடவை இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து சர்வர் கணினியில் போட்டுவிடுங்கள். முப்பது பிள்ளைகள் என்றால் கணினிக்கு மூன்று பேர்: ஒருவர் சுட்டி, ஒருவர் நோட்டு, ஒருவர் வரைபடம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். சுட்டி பிடிக்கிற பையன் விடவே மாட்டான், கடிகாரம் உங்கள் கையில் இருக்கட்டும்.

உலகம் முழுவதும் ஒரே ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் அதை நகலெடுத்து வையுங்கள். இதை அடித்துச் சொல்லக் காரணம் உண்டு. மூன்று மாதம் கட்டிய துறைமுகத்தின் மேல் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எரிமலைக் குழம்பை ஊற்றிவிட்டான். நகல் இல்லை. தப்பு அவனுடையதல்ல, வாளியை அவன் கைக்கு எட்டும்படி வைத்தது நான்தான்.

அதே தலைமையாசிரியர்: ஒரு கம்பெனி இணையத்திலேயே எல்லாம் தயாராகத் தருகிறோம் என்கிறதே?

கம்பெனி மூடினால் உங்கள் பாடம் எங்கே போகும் என்று முதலில் கேளுங்கள் சார். பதின்ம வயதினருக்கென்று இருந்த டீன் செகண்ட் லைஃப் மூடப்பட்டது. மெய்நிகர் சுற்றுலா காட்டிய கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸை நம்பி எத்தனையோ பள்ளிகள் அட்டைப் பெட்டிக் கண்ணாடி வாங்கின, 2021-ல் நிறுத்திவிட்டார்கள். உலாவியிலேயே மெய்நிகர் அறை திறக்கத் தந்த மொசில்லா ஹப்ஸ் 2024 மே மாதத்தோடு முடிந்தது. உங்கள் பென்டிரைவில் இருப்பதை யாரும் மூட முடியாது.

ராமநாதபுரம், சமூக அறிவியல் ஆசிரியர்: வரலாற்றுப் பாடத்துக்கு இதில் என்ன செய்யலாம்? கோட்டை கட்டச் சொல்வதைத் தாண்டி?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

நம் பக்கத்தில் அழகன்குளம் இருக்கிறது. வைகை கடலில் சேருகிற இடத்துக்கு அருகே. 1986 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை பல கட்டங்களாகத் தோண்டியிருக்கிறது. ரோமானியக் காசு, மதுச்சாடியின் உடைந்த துண்டுகள், ரூலெட் எனப்படும் புள்ளிக்கோலம் பதித்த பானை ஓடுகள், ஓர் ஓட்டில் கீறி வரைந்த கப்பல் என்று கிடைத்தன. ஆனால் பிள்ளையைக் கூட்டிப்போனால் அவள் பார்ப்பது மேடும் கருவேலமும்தான். இடம் இருக்கிறது, காலம் போய்விட்டது. மெய்நிகர் உலகத்துக்கு வேலை அங்கேதான்.

முதல் வருடம் நானே துறைமுகத்தைக் கட்டிவைத்து உள்ளே நடக்கவிட்டேன். "சூப்பர் சார்" என்றார்கள். அடுத்த வாரம் கேட்டால் ஒன்றும் நிற்கவில்லை. இரண்டாம் வருடம் வெறும் மணலும் ஆற்றுவாயும் மட்டும் கொடுத்து, ஒரே ஒரு விதி வைத்தேன்: எதைக் கட்டினாலும் "இது எப்படித் தெரியும்?" என்று நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். கிடைத்த பொருள், பாடப்புத்தகம், ஊகம், மூன்றில் ஒன்று. ஊகம் என்றால் மஞ்சள் கட்டையில் கட்ட வேண்டும். முடிந்தபோது துறைமுகத்தில் முக்கால்வாசி மஞ்சளாக இருந்தது. வரலாறு எழுதுகிறவர்கள் எவ்வளவைத் தெரிந்து எழுதுகிறார்கள், எவ்வளவை யூகிக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள்.

கப்பலை எங்கே நிறுத்துவது என்று சண்டை வந்தது பாருங்கள், அதுதான் பாடம். யவனர் கப்பலைக் கரையோரமாகக் கட்டியிருந்த குழுவைப் பார்த்து, அப்பா வல்லம் ஓட்டுகிற ஒரு பிள்ளை கேட்டாள்: "இது வடகடல் சார். தென்கடல்லருந்து இவ்வளவு பெரிய கப்பல் பாம்பன் பக்கம் எப்படி உள்ள வந்துச்சு? பார் தட்டாதா?" வடகடல் என்றால் பாக் நீரிணைப் பக்கம், தென்கடல் என்றால் மன்னார் வளைகுடா, பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. அழகன்குளம் வடகடல் பக்கம் இருக்கிறது. மேற்கிலிருந்து வருகிறவன் ராமர் பாலத் திட்டுகளைத் தாண்ட வேண்டும். சரக்கைச் சின்னப் படகில் மாற்றிக் கொண்டுவந்திருப்பார்களா, இலங்கையைச் சுற்றி வந்திருப்பார்களா, மேற்குக் கரையில் இறக்கித் தரைவழியாக மாடு கட்டிக் கொண்டுவந்திருப்பார்களா? மூன்று குழு, மூன்று விதமாகக் கட்டியது. நான் எதையும் சரி என்று சொல்லவில்லை. சொல்லவும் தெரியாது.

தங்கச்சிமடம், மீனவர்: என் மகன் ஏற்கெனவே ராப்பகலா போனுல கேம்தான். பள்ளிக்கூடத்துலயும் கேம்னா நாங்க எங்க போறது?

நியாயமான கோபம் அண்ணே. நீங்கள் கடலுக்குப் போயிருக்கிற ராத்திரிகளில் அவன் கையில் போன் இருக்கிறது, அதைப் பிடுங்க வீட்டில் ஆளில்லை. பள்ளிக்கூடம் அதற்கு எண்ணெய் ஊற்றக் கூடாது.

நான் வைத்திருக்கிற கட்டுப்பாட்டைச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரே ஒரு இரட்டைப் பீரியட். வீட்டுப் போனில் இதைப் போடச் சொல்வதில்லை. சுடுகிறது, வெட்டுகிறது, காசு கட்டிப் பொருள் வாங்குகிறது எதுவும் கிடையாது. மணி அடித்ததும் அணைத்துவிடுவோம், அவன் கட்டியது அடுத்த வாரம் வரை அங்கேயே நிற்கும். போன் கேம் அவனை விடாமல் பிடித்துவைக்கத் தினம் ஒரு பரிசு, ஒரு பயம் என்று தூண்டில் போட்டே செய்யப்பட்டது. இதில் தூண்டில் இல்லை. அதனால் போன் பழக்கம் குறையும் என்று பொய் சொல்ல மாட்டேன், அது தனி வேலை. ஒரு நாள் லேபுக்கு வந்து அவன் பக்கத்தில் உட்காருங்கள். வாடைக் காற்றுக்கு எந்தக் கடல் ஆடும், கச்சான் காற்றுக்கு எது ஆடும் என்று நீங்கள் சொன்னால் அந்த வகுப்பில் வாத்தியார் நீங்கள்தான்.

பாம்பன், பிளஸ் ஒன் மாணவன்: புதுப் பாலத்தை லுவாண்டியில கட்டலாமா சார்? தூக்குற பகுதி தூக்கணும்!

கட்டலாம் தம்பி. முதலில் கணக்கு. ஒரு கட்டை ஒரு மீட்டர். 2025 ஏப்ரலில் திறந்த பாலம் ஏறத்தாழ 2.08 கிலோமீட்டர், அதாவது 2080 கட்டை. பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் 208, ஒரு வாரத்தில் முடியும். ஆனால் தூக்குகிற பகுதி 72.5 மீட்டர் நீளம், 17 மீட்டர் மேலே போகிறது. சுருக்கினால் ஏழு கட்டை நீளம், இரண்டு கட்டைகூட ஏறாது. பார்க்கவே நன்றாக இருக்காது. அதனால் தூக்குகிற பகுதியை மட்டும் முழு அளவில் கட்டு.

மெசெகான்ஸ் என்கிற பொதியில் சுவிட்ச், கம்பி, பிஸ்டன் எல்லாம் உண்டு. ஆனால் பிஸ்டன் ஒரு படிதான் தள்ளும், தள்ளுகிற கட்டைக்கும் வரம்பு இருக்கிறது, 72 கட்டையைத் தூக்காது. லுவா என்கிற நிரல் மொழியில் நீயே எழுது: தளத்தின் கட்டைகளை ஒரு வரிசையாக எடு, ஒரு படி மேலே வை, ஒரு நொடி நில், திரும்பச் செய், 17 தடவை. நீ வகுப்பில் படிக்கிற அதே லூப்தான். அது முடிந்ததும் 1914-ல் வந்த பழைய பாலத்தைத் தொடு. அது இரண்டு இலையாகப் பிரிந்து சாய்ந்து திறந்தது, கட்டை உலகத்தில் சாய்வு வராது. ஏன் வராது என்று யோசித்துவிட்டு எழுது.

மண்டபம், அறிவியல் ஆசிரியை: பவளப்பாறை காட்ட இருபது விஆர் கண்ணாடி வாங்கச் சொல்லி விற்பனையாளர் நச்சரிக்கிறார். வாங்கலாமா?

வேண்டாம் டீச்சர். மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு பெட்டிக்குள் கடலைப் பார்ப்பதா?

காரணமும் சொல்கிறேன். 2019-ல் மக்ரான்ஸ்கி, டெர்கில்ட்சன், மேயர் மூவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே அறிவியல் ஆய்வகப் பாடம், கண்ணாடி மாட்டியும் திரையிலும். கண்ணாடியில் "அங்கேயே இருந்த மாதிரி" உணர்வு கூடியது, கற்றது குறைந்தது. பார்த்தவர்கள் கல்லூரி மாணவர்கள், அதனால் நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த மாட்டேன், ஆனால் செலவு செய்வதற்கு முன் யோசிக்க வைக்கிறது. தலைசுற்றல் வேறு. ஒரு பெட்டியை நாற்பது பேர் மாட்டினால் வியர்வை, கண்வலி. சின்ன வயதுக்கு அந்தக் கம்பெனிகளே வயது வரம்பு போட்டிருக்கின்றன.

கடல் வற்றுகிற நேரம் பார்த்துக் கரைக்குக் கூட்டிப்போங்கள். பாசி எடுக்கிற அக்கா ஒருவரைக் கூட அழைத்துப்போனால் பாதிப் பாடம் முடிந்தது. தீவுகள் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் போகக் கூடாது. பவளத்தைத் தொட்டு எடுக்கவும் கூடாது, சட்டப்படி குற்றம்.

திரை தேவைப்படுவது கரையில் தெரியாததற்கு. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016-ல் நீர் சூடாகிப் பவளம் வெளுத்தது. அந்த மாற்றத்தை ஒரு பிள்ளை ஒரே பீரியடில் பார்க்கக் கடலில் வழியில்லை. கட்டை உலகத்தில் ஒரு பவளப் பாரைக் கட்டி, நீர் சூடு ஏறினால் நிறம் மாறுகிற மாதிரி விதி எழுதச் சொல்லுங்கள். ஆவுளியா என்கிற கடல்பசுவுக்குக் கடல்புல் வைக்கச் சொன்னால், எவ்வளவு புல் வேண்டும் என்று அவர்களே தேடிப் போவார்கள்.

தொண்டி, ஒரு தாய்: முகம் தெரியாதவங்க பேசுவாங்களா?

லேபுக்குள் மட்டும் ஓடுகிற உலகத்தில் வெளியாள் வர வழியில்லை அக்கா. இணையத்தில் இருக்கிற பொது உலகங்களில் வருவார்கள், அங்கே பள்ளிப் பிள்ளைகளை நான் விடுவதில்லை. 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. பள்ளி உங்களைக் கேட்காமல் பிள்ளை பெயரில் கணக்கு திறந்தால் நீங்கள் கேள்வி கேளுங்கள்.

தேவிபட்டினம், ஆசிரியர்: தமிழில் பலகை எழுதினால் எழுத்து குழம்புகிறதே?

ஆமாம், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழைச் சேர்த்துக் கோர்க்கிற வேலையை லுவாண்டி செய்வதில்லை. பலகையைப் படமாக வரைந்து கட்டையின் மேல் ஒட்டிவிடுங்கள். மதிப்பெண் எப்படிப் போடுவது என்றும் கேட்டிருந்தீர்கள்: கட்டடத்துக்குப் போடாதீர்கள், நோட்டுக்குப் போடுங்கள்.

ராமேஸ்வரம், ஆசிரியை: 1964 புயலை அப்படியே காட்டலாமா? பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.

புயலைக் காட்ட வேண்டாம் டீச்சர். அந்த ராத்திரியில் ஆளை இழந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள், அலை வந்து ரயிலை அடிப்பதை விளையாட்டாகப் பார்க்க அவர்களை உட்காரவைக்க முடியாது. புயலுக்கு முந்தின தனுஷ்கோடியைக் கட்டலாம். ரயில் நிலையம், தபால் அலுவலகம், சுங்க அலுவலகம், தலைமன்னார் கப்பல் நிற்கிற துறை என்று அந்த ஊர் ஊராக இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படி.

எங்கள் லேபில் இதை ஆரம்பித்து ஒரு வருடமாகிறது. ஒரு பிள்ளையின் பாட்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "சர்ச்சுக்கு இந்தப் பக்கந்தாண்டி கெணறு" என்றார். தள்ளிவைத்தோம். அடுத்த வாரம் இன்னொரு பிள்ளையின் தாத்தா வந்து, கிணறு அந்தப் பக்கம்தான், தானே தண்ணீர் இறைத்திருக்கிறேன் என்றார். இப்போதைக்கு இரண்டு கிணறும் இருக்கின்றன. இரண்டும் மஞ்சள்.