மாங்கொட்டைக் கரியில் 400 ஃபாரட்: வாசகர் கேள்வி-பதில்

போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏதர் என்று வண்டித் தொழிற்சாலைகள் வந்தபிறகு தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் மின்வேதியியலைத் தேடிப்போய்ப் படிக்கிறார்கள். வருகிற கடிதங்களிலேயே அது தெரிகிறது. இந்த இதழில் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு முழு இடத்தையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டோம்.

கேள்வி: நான் பிஎச்.டி. முதலாம் ஆண்டு. மாங்கூழ் ஆலையில் கழிக்கிற கொட்டையைக் கரியாக்கி, கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) போட்டு ஆக்டிவேட் செய்து (நுண்துளைகள் உண்டாக்கி), நிக்கல் ஃபோமில் (பஞ்சு போன்ற நிக்கல் தகட்டில்) பூசி சூப்பர்கெபாசிட்டராக (மின்னூட்டத்தைச் சேமித்துச் சட்டென்று கொடுக்கிற சாதனமாக) சோதித்தேன். கிராமுக்கு 400 ஃபாரட் (மின்னூட்டம் தேக்கும் திறனின் அலகு) வருகிறது. கைடு உடனே பேப்பர் எழுதச் சொல்கிறார். எனக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. என்ன செய்வது?
– காவேரிப்பட்டணம் வாசகி

பதில்: மனசு ஒப்பவில்லை என்கிறீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் எலக்ட்ரோலைட்டில் (மின்னோட்டம் கடத்தும் கரைசலில்) நல்ல ஆக்டிவேட்டட் கார்பன் பொதுவாக 100-லிருந்து 300 ஃபாரட் வரைதான் கொடுக்கும். 400 வரவே வராது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அப்படி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கரியை இல்லை, அதைத் தாங்குகிற ஃபோமை. கே.ஓ.எச். கரைசலில் நிக்கலின் மேல் ஹைட்ராக்சைடு படியும். வோல்ட்டேஜை ஏற்றினால் அது ஆக்சிஹைட்ராக்சைடாக மாறும், இறக்கினால் திரும்பி வரும், அந்த மின்னோட்டம் முழுக்க உங்கள் கரியின் கணக்கில் போய் விழும். உங்கள் சி.வி. வரைபடத்தை (வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும்போது மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று காட்டுவதை) எடுத்துப் பாருங்கள். கார்பன் என்றால் ஏறக்குறைய செவ்வகமாக இருக்க வேண்டும். மெர்குரி/மெர்குரிக் ஆக்சைடு ரெஃபரன்ஸை (ஒப்பிடுவதற்கான எலக்ட்ரோடை, அதாவது மின்வாயை) வைத்துப் பார்க்கும்போது 0.4, 0.5 வோல்ட் பக்கத்தில் எதிரெதிராக இரண்டு மேடு எழுந்திருந்தால் அது நிக்கல்.

அதனால் பேப்பருக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அதே அளவில் வெட்டிய வெறும் ஃபோமை, அதே கரைசலில் அதே நேரம் ஊறவைத்து, அதே வோல்ட்டேஜ் எல்லைக்குள் ஓட்டுங்கள். அப்புறம் அதே கரியைக் கார்பன் பேப்பரில் (நகலெடுக்கிற தாள் இல்லை, கார்பன் இழைத் தாள்) பூசி ஓட்டுங்கள். இரண்டு நாள் வேலைதான், இதைச் செய்யாமல் அனுப்பினால் பேப்பரைப் பரிசீலிக்கிற கவனமான ரிவ்யூவர் முதல் வரியிலேயே கேட்பார்.

அடுத்தது எடை. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு மில்லிகிராம் பூசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலான ஆய்வகங்களில் அப்படித்தான். பூசுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்துக் கழிக்கிறீர்கள், தராசு 0.1 மில்லிகிராம் வரைதான் காட்டும் என்றால், இரண்டு தடவையும் சேர்ந்து 0.2 வரை தவறலாம். அப்போது உங்கள் 400 என்பது 330-ஆகவும் இருக்கலாம், 500-ஆகவும் இருக்கலாம். ஐந்து எலக்ட்ரோடு செய்து, ஐந்தின் எண்ணையும் போடுங்கள். முடிந்தால் லோடிங்கை (ஒரு சதுர சென்டிமீட்டரில் பூசும் எடையை) பத்து மில்லிகிராமுக்குக் கொண்டுபோங்கள். எண் கட்டாயம் குறையும், ஆனால் நிஜமாகப் பயன்படுகிற சாதனத்தில் பூச்சு அந்த கனத்தில்தான் இருக்கும், அங்கே நிற்கிற கரிதான் கரி.

மூன்று எலக்ட்ரோடு செல்லில் (கரி பூசிய ஒன்றை மட்டும் சோதிக்கிற அமைப்பில்) வந்த எண்ணைச் சாதனத்தின் எண்ணாக எழுதிவிடாதீர்கள். ஒரே மாதிரி இரண்டு எலக்ட்ரோடை எதிரெதிரே வைத்தால் கெபாசிட்டன்ஸ் (தேக்கும் திறன்) பாதியாகும், எடை இரண்டு மடங்காகும், ஆக கிராமுக்கு நாலில் ஒரு பங்கு. உங்கள் 400 முழுக்க உண்மையாகவே இருந்தாலும் சாதனத்தில் அது 100. தண்ணீர் 1.23 வோல்ட்டில் பிரிந்துவிடும் என்பதால் ஒரு வோல்ட்டில் நிறுத்தினால், கிலோவுக்கு 14 வாட்-அவர் பக்கம் வரும், அதுவும் கரியின் எடையை மட்டும் கணக்கில் எடுத்தால். வெட்கப்பட ஒன்றும் இல்லை, சூப்பர்கெபாசிட்டர் என்றால் அவ்வளவுதான். அதன் பலம் வேகத்திலும் ஆயுளிலும் இருக்கிறது.

கைடிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று புரிகிறது. "சார், தப்பாக இருக்குமோ" என்று ஆரம்பிக்காதீர்கள். வெறும் ஃபோமின் வளைவையும் உங்கள் வளைவையும் ஒரே படத்தில் போட்டு, "சார், ரிவ்யூவர் கேட்பாங்கன்னு இதையும் ஓட்டிட்டேன்" என்று முன்னால் வையுங்கள். படம் பேசும். பேப்பர் இல்லாமல் தீசிஸ் கொடுக்க முடியாதே என்ற பயம் இருந்தால், 2022-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதியில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டுவிட்டது. பல்கலைக்கழகங்கள் தனியாக விதி வைத்திருக்கலாம், உங்கள் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாங்கொட்டை நல்ல பொருள்தான். சீசனில் பெங்களூரா மாம்பழம் அரைக்கிற ஆலைகளுக்கு வெளியே கொட்டை மலையாகக் குவிவதை நம் மாவட்டத்தில் பார்க்காதவர் இல்லை. ஆனால் கடையில் கிடைக்கிற, தேங்காய் ஓட்டில் செய்த ஆக்டிவேட்டட் கார்பனைப் பக்கத்தில் வைத்து அதே செல்லில் ஓட்டாதவரை, மாங்கொட்டையால் என்ன லாபம் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஒப்பீடு கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, இது அவசரம்: கே.ஓ.எச். போட்டு 700, 800 டிகிரியில் சூடேற்றும்போது உள்ளே பொட்டாசியம் உலோகமே உண்டாகலாம். ஃபர்னஸ் முழுக்க ஆறாமல் திறக்கக் கூடாது. கரியைத் தண்ணீரில் மொத்தமாகக் கொட்டவும் கூடாது, தீப்பிடிக்கும்.

கேள்வி: என் மகள் பேட்டரி லேபில் ஆராய்ச்சி செய்கிறாள். சில நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் ஹாஸ்டலுக்குப் போகிறாள். மெஷின் ஓடுகிறது என்கிறாள். பயமாக இருக்கிறது.
– பாலக்கோடு வாசகி

பதில்: அம்மா, மெஷின் ஓடுகிறது என்று உங்கள் மகள் சொல்வது நிஜம். ஒரு செல்லை ஒரு மணி நேரத்தில் ஏற்றி ஒரு மணி நேரத்தில் இறக்கினால்கூட 500 தடவைக்கு 1,000 மணி நேரம், அதாவது நாற்பது நாளுக்கு மேல். ஆனால் அது தானாக ஓடும், பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால் போதும். ராத்திரியில் தனியாகச் செய்யவே கூடாதவை வேறு: ஃபர்னஸ் திறப்பது, அமிலம் ஊற்றுவது, லித்தியம் எலக்ட்ரோலைட்டைக் கையாள்வது. இதற்கெல்லாம் இன்னொருவர் கூட இருந்தே ஆக வேண்டும்.

மகளிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எலக்ட்ரோலைட்டில் உள்ள லித்தியம் உப்பு ஈரம் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும், அது தோலில் பட்டால் தடவ கால்சியம் குளுகோனேட் ஜெல் லேபில் இருக்கிறதா? பாதுகாப்புக் கண்ணாடி போடுகிறாளா? ஸ்லர்ரி (எலக்ட்ரோடில் பூசும் குழம்பு) கலக்குகிற என்.எம்.பி. கரைப்பானை ஃப்யூம் ஹூடுக்குள்தான் (ஆவியை வெளியே இழுக்கும் பெட்டிக்குள்) எடுக்கிறாளா? அந்தக் கரைப்பான் கருவிலிருக்கிற குழந்தையைப் பாதிக்கக்கூடியது, மெல்லிய நைட்ரைல் கையுறையைச் சீக்கிரம் ஊடுருவிவிடும், பியூட்டைல் ரப்பர் கையுறை வேண்டும். கார்பன் எலக்ட்ரோடு என்றால் தண்ணீரில் கரைகிற சி.எம்.சி. பைண்டரே (கரியை ஒட்டவைக்கும் பசையே) போதும், என்.எம்.பி. தேவையே இல்லை. இதற்கெல்லாம் சரி என்று பதில் வந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். இல்லை என்றால் துறைத்தலைவரிடம் கேளுங்கள், கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: எங்கள் கல்லூரியில் கிளவ் பாக்ஸ் (காற்றும் ஈரமும் புகாமல் உள்ளே வேலை செய்கிற பெட்டி) இல்லை. நைட்ரஜன் சிலிண்டர் இருக்கிறது. அதை வைத்து லித்தியம் செல் போட முடியுமா?
– தர்மபுரி எம்.எஸ்சி. மாணவர்

பதில்: வேண்டாம் தம்பி. லித்தியம் அறை வெப்பத்திலேயே நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரைடாகி, பளபளப்பு போய்க் கறுத்துவிடும். அதற்காகத்தான் ஆர்கான், அதிலும் ஈரமும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும்.

துத்தநாகத்துக்கு வாருங்கள். துத்தநாகத் தகடு, மாங்கனீஸ் டை ஆக்சைடு, துத்தநாக சல்பேட் கரைசல், இவ்வளவுதான், திறந்த மேஜையிலேயே செல் போடலாம். துத்தநாகத்தின் கொள்ளளவு கிராமுக்கு 820 மில்லி ஆம்பியர்-அவர். துத்தநாக முள் முளைத்து செல் ஷார்ட் ஆவது, ஓரத்தில் ஹைட்ரஜன் குமிழ் கிளம்புவது என்று இன்னும் தீராத பிரச்சினைகள் அதில் நிறைய இருக்கின்றன, ஒரு ப்ராஜெக்ட்டுக்குத் தாராளமாகப் போதும். லித்தியம்தான் வேண்டும் என்றால் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில்) கேட்டுப் பாருங்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட நிலையம் அது. கைடு மூலமாக எழுதுங்கள்.

கேள்வி: பேட்டரி செல் தொழிற்சாலை இன்டர்வியூவுக்கு எதைப் படிக்க வேண்டும்? அல்லது பிஎச்.டி. போகலாமா?
– பர்கூர் பொறியியல் மாணவர்

பதில்: ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை) வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் வரும், வீட்டுக்கு உடனே பணம் தேவை இல்லாவிட்டால் பிஎச்.டி. யோசிக்கலாம். இன்டர்வியூவுக்கு ஒரு கேள்வியை நன்றாகப் புரிந்துகொண்டு போங்கள்: காயின் செல்லில் (நாணய அளவுச் சோதனை செல்லில்) 500 சைக்கிள் அசையாமல் ஓடிய எலக்ட்ரோடு, ஃபுல் செல்லில் (லித்தியம் தகடு இல்லாமல் இரண்டு பக்கமும் நிஜ எலக்ட்ரோடு வைத்த செல்லில்) ஏன் சாகிறது? காயின் செல்லில் எதிரே லித்தியம் தகடு இருக்கிறது, இழப்பை அது ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். ஃபுல் செல்லில் அந்த இருப்பு கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் 99.9 சதவீதம் லித்தியம் திரும்பி வந்தால்கூட 500 சுற்று முடிவில் 60 சதவீதம்தான் மிஞ்சும். இதைப் பேப்பரில் போட்டுக் காட்டத் தெரிந்தவரைப் பிடிக்காத மேனேஜர் இருக்க மாட்டார்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. பழைய போன் பேட்டரியைப் பிரித்துப் பார்க்கலாமா?
– அரூர் மாணவன்

பதில்: கூடாது, தீப்பிடிக்கும். அதற்குப் பதில் 1836-இல் டேனியல் செய்த செல்லை நீயே செய். உரக்கடையில் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) துத்தநாக சல்பேட்டும் கிடைக்கும். மெருகு பூசாத சின்ன மண்சட்டியில் துத்தநாக சல்பேட் கரைசலை ஊற்றி, துத்தநாகத் துண்டை அதில் நிறுத்து. சட்டியை ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் இறக்கி, சுற்றிலும் மயில்துத்தக் கரைசல் ஊற்றி, செம்புக் கம்பியைச் சுருட்டி வை. சட்டி ஊறும்வரை பொறு, அப்புறம் மீட்டர் வைத்தால் 1.1 வோல்ட் பக்கத்தில் காட்டும். மயில்துத்தம் விஷம், மீனைக் கொல்லும். முடிந்ததும் ஏரியிலோ கிணற்றடியிலோ ஊற்றாமல் ஆசிரியரிடம் கொடுத்துவிடு, அந்தச் சட்டியை மறுபடி சமையலுக்கு எடுக்காதே.