பழைய காருக்கு பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பும் அதைக் குளிர்விக்கும் ரேடியேட்டரும்தான் முன்னால் நிற்கும். பழைய பம்ப்பை எடுத்துவிட்டு பெல்ட்டில் ஓடும் பம்ப் வைப்பது பற்றியும், அதை ஒட்டியும் வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (கானாடுகாத்தான்): எங்கள் ஐயா வாங்கிய 1920களின் பியூக் இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது. எஞ்சினின் பக்கவாட்டில், கியரிலிருந்து வரும் தண்டில் வாட்டர் பம்ப் ஓடுகிறது. தண்டு வெளியே வரும் இரண்டு பக்கக் கிளாண்டிலும் (கயிறு திணித்துத் தண்ணீரை அடைக்கும் மூடி) தண்ணீர் ஒழுகுகிறது. லேத் பட்டறைக்காரர், "இதைக் கழற்றிவிட்டு முன்பக்கம் பெல்ட்டில் ஓடும் பம்ப் வைத்துத் தருகிறேன்" என்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: பொறுங்கள். கிளாண்ட் ஒழுகுகிறது என்று பம்ப்பையே கழற்றி எறிவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல. முதலில் கிளாண்ட் நட்டைத் திருகி, உள்ளே இருக்கும் பழைய கயிற்றைத் துணுக்குகூட மிச்சமில்லாமல் எடுங்கள். தண்டைத் துடைத்துவிட்டு விரல் நகத்தால் நீளவாக்கில் தடவிப் பாருங்கள். கயிறு அழுத்திய இடத்தில் நகம் சிக்கினால் தண்டு வளையம் வளையமாகத் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அந்தத் தண்டின்மேல் எத்தனை முறை புதுக் கயிறு சுற்றினாலும் சீக்கிரமே ஒழுகத்தான் செய்யும். அதே அளவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதுத் தண்டு கடைந்து, தண்டைத் தாங்கும் புஷ்களையும் மாற்றி, கிராஃபைட் கயிறு போடச் சொல்லுங்கள். நட்டை முறுக்கித் தள்ள வேண்டாம். எப்போதாவது ஒரு சொட்டு விழுவது இந்த வகைக் கிளாண்டுக்கு நோய் அல்ல. அந்த ஈரம்தான் கயிறு கருகாமல் காக்கிறது. பல வண்டிகளுக்கு இந்த வேலையே போதும்.

பம்ப்பின் கூடு அரித்து ஓட்டை விழுந்து, ஒட்டவும் வழியில்லை என்றால் பெல்ட் பம்ப்புக்குப் போகலாம். அப்போது பட்டறையில் சில விஷயங்களைப் பிடிவாதமாகக் கேளுங்கள்.

பக்கவாட்டுத் தண்டு பல வண்டிகளில் பம்ப்பை மட்டும் சுற்றுவதில்லை. அதன் பின்முனையில் டைனமோவோ, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவோ இருக்கும். ஆகவே தண்டை எடுக்க முடியாது. உள்ளே தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரைத்தான் எடுக்க வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். இம்பெல்லரை எடுத்துவிட்டு, தண்ணீரை மட்டும் அதே கூட்டின் வழியாகப் போக விட்டால், கிளாண்ட் முன்பு போலவே ஒழுகும். செலவு செய்தும் பயன் இருக்காது. புது பம்ப்பிலிருந்து எஞ்சின் பிளாக்கின் வாய்க்கு நேராகத் தண்ணீர் போக ஒரு வளைகுழாய் செய்ய வேண்டும். பழைய கூடு தண்ணீரின்றித் தண்டைத் தாங்கும் வேலையை மட்டும் பார்க்கட்டும். அதன் புஷ்களுக்குக் கிரீஸ் தவறக் கூடாது.

அடுத்தது வேகமும் திசையும். பழைய தண்டு எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை ஊகிக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் முன்னால் நின்று ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை மெதுவாகப் பத்துச் சுற்று சுற்றட்டும்; இன்னொருவர் கோட்டைப் பார்த்து எண்ணட்டும். புது பம்ப் அந்தக் கணக்கை ஒட்டி ஓடினால் நல்லது. எஞ்சினின் கிராங்க் தண்டில் இருக்கும் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) 125 மி.மீ., பம்ப் புல்லி 150 மி.மீ. என்றால், எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றும்போது பம்ப் 2,000 சுற்றும். புது பம்ப்பின் இம்பெல்லர் பெரிதாக இருந்தால் வேகத்தை இன்னும் குறைக்கலாம்.

பெல்ட்டின் உள்பக்கம் புல்லியில் உட்கார்ந்தால் பம்ப் கிராங்க் சுற்றும் திசையிலேயே சுற்றும். வேறொரு காரின் பம்ப்பை வாங்கும்போது அது எந்தத் திசைக்கு வார்க்கப்பட்டது என்று பார்த்து வாங்குங்கள். இதழ்கள் வளைந்த இம்பெல்லர் எதிர்த் திசையில் சுற்றினாலும் தண்ணீரைத் தள்ளும். ஆனால் வெகு குறைவாக. அதனால்தான் வீட்டு வாசலில் எல்லாம் சரியாகத் தெரியும். திருச்சி சாலையில் ஏறியதும் வண்டி கொதிக்கும்.

கடைசியாக, என் வேண்டுகோள். பம்ப்பைத் தாங்கும் பிராக்கெட்டை ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளில் மாட்டச் சொல்லுங்கள். எஞ்சின் பிளாக்கில் புதுத் துளை ஒன்றுகூட விழக் கூடாது. கழற்றிய பழைய உறுப்புகளை எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பெயர் எழுதி ஷெட்டிலேயே வையுங்கள். நாளை உங்கள் பேரன் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆசைப்பட்டால் வழி இருக்க வேண்டும்.

கேள்வி (தேவகோட்டை): என்னிடம் இருப்பது மோரிஸ் எய்ட். முன்பு வைத்திருந்தவர் பெல்ட் பம்ப் ஒன்றைச் சேர்த்திருக்கிறார். வேகமாகப் போனால் ரேடியேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாய் வழியே தண்ணீர் பீய்ச்சுகிறது. வண்டியோ கொதிக்கவில்லை.

பதில்: உங்கள் கார் பம்ப் இல்லாமலே பிறந்தது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி, ரேடியேட்டரில் குளிர்ந்து கீழே இறங்கும் தெர்மோசைஃபன் முறை அது. ஆஸ்டின் செவன், ஃபோர்டு மாடல் டி ஆகியவையும் அப்படித்தான். மெதுவான ஓட்டத்துக்கென்று செய்த ரேடியேட்டருக்குள் பம்ப் தண்ணீரை வேகமாகத் தள்ளுகிறது. மேல்தொட்டிக்கு வரும் அளவு கீழே இறங்க முடியாததால் தொட்டி நிறைந்து வெளியே கொட்டுகிறது. ரேடியேட்டர் குழாய்களில் உப்பு படிந்திருந்தால் இது இன்னும் மோசமாகும்; ஆகவே முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். பிறகும் பீய்ச்சினால் பம்ப்புக்குப் பெரிய புல்லி போட்டு வேகத்தைக் குறையுங்கள், அல்லது இம்பெல்லரின் விட்டத்தை லேத்தில் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். பிரஷர் மூடி போட்டால் தீரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அழுத்தம் தாங்கச் செய்யப்படாத பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று விட்டுப்போகும்.

கேள்வி (காரைக்குடி): என் மாமனார் ஓட்டிய அம்பாசடர். பம்ப் பெல்ட்டில்தான் ஓடுகிறது. ஆனால் புது பம்ப் போட்டும் போட்டும் பேரிங் போய்விடுகிறது. மட்டமான பம்ப்பா?

பதில்: இருக்கலாம். ஆனால் நான் முதலில் பெல்ட்டைத்தான் சந்தேகிப்பேன். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் கிராங்க், பம்ப், ஆல்டர்னேட்டர் ஆகிய மூன்று புல்லிகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பாருங்கள். சில மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட் பேரிங்கை ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும். பெல்ட் கீச்சிட்டால் அதை இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. நீளமான இடைவெளியில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 12 மி.மீ. இறங்க வேண்டும். அந்த அளவில் இருந்தும் கீச்சிட்டால் புல்லியின் பள்ளத்தைப் பாருங்கள். பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னினால் பெல்ட் பக்கங்களில் பிடிக்காமல் அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது. பெல்ட்டோ புல்லியோ தேய்ந்துவிட்டது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

விசிறியும் பம்ப் தண்டிலேயே இருப்பதால், வளைந்த இறக்கை ஒன்று போதும் பேரிங்கைக் குலைக்க. பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையில் கறை தெரிந்தால் உள்ளே சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அடைத்தால் தண்ணீர் நேரே பேரிங்குக்குள் போகும். அடைக்கவே அடைக்காதீர்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): போர் தண்ணீர் ஊற்றலாமா? புது பம்ப்பின் உடல் அலுமினியம்.

பதில்: வேண்டாம். நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு கெட்டில் அடியில் படிவதைப் பார்த்திருப்பீர்கள், ரேடியேட்டரிலும் அதேதான். வளவில் (வீட்டு முற்றத்தில்) அண்டா வைத்துப் பிடித்த மழைத் தண்ணீர் அதைவிட எவ்வளவோ மேல். டிஸ்டில்டு வாட்டர் இன்னும் நல்லது. வார்ப்பிரும்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனைந்தால் அலுமினியம் மின்வேதி முறையில் அரிபடும். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கும் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை நாம் அலட்சியம் செய்யலாமா? அரிப்புத் தடுப்பான் கலந்த கூலன்ட்டை டப்பாவில் சொன்ன அளவில் சேருங்கள். சொன்ன காலத்தில் மாற்றுங்கள்.

கேள்வி (புதுவயல்): பெல்ட்டே வேண்டாம் என்று மின்சார பம்ப் வைத்தால் என்ன?

பதில்: 6 வோல்ட் வண்டிக்கு யோசிக்கவே வேண்டாம், கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 12 வோல்ட். 12 வோல்ட்டாக இருந்தாலும் டைனமோ ஐடிலில் சார்ஜ் செய்வதே இல்லை. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் விளக்கும் போட்டுக்கொண்டு ஊர்ந்தால் பாட்டரிதான் முழுச் சுமையையும் தாங்க வேண்டும்.

கேள்வி (கோட்டையூர்): ஊர்வலத்தில்தான் எங்கள் வண்டியும் கொதிக்கிறது. பம்ப் புல்லியைச் சிறிதாக்கி வேகத்தைக் கூட்டலாமா?

பதில்: ஊர்ந்து போகும்போது குறைவது பெரும்பாலும் காற்று, தண்ணீர் ஓட்டம் அல்ல. விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே காற்று பக்கவாட்டில் தப்பாமல் ஒரு தகடு வளையம் அடித்து மாட்டுங்கள். இக்னிஷன் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) பின்தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் எஞ்சினைச் சூடாக்கும். புல்லியைச் சிறிதாக்கினால் நெடுஞ்சாலையில் பம்ப் அளவுக்கு மீறிச் சுற்றி, இம்பெல்லரைச் சுற்றி நீராவிக் குமிழிகள் உண்டாகி உலோகத்தையே அரிக்கும். ரேடியேட்டரின் கீழ் ஹோஸையும் ஒருமுறை கவனியுங்கள். எஞ்சினை முடுக்கும்போது அது உள்வாங்கித் தட்டையானால், உள்ளே கம்பிச் சுருள் இருக்கும் ஹோஸாக மாற்றுங்கள்.