தூக்க மாத்திரையும் விமானியின் மருத்துவச் சான்றும்

கேள்வி: துணை விமானியான என் கணவர், மாமனார் இறந்த மூன்று மாதமாகச் சரியாக உறங்குவதில்லை. மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராமும், இரவில் உறங்கக் குளோனாசிபாமும் எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் விமானி உரிமத்துக்கான கிளாஸ் 1 மருத்துவப் பரிசோதனை. சொன்னால் உரிமமே போய்விடும் என்கிறார்கள். மறைத்துவிடலாமா?

பதில்: அடுத்த மாதத்தை விடுங்கள் அம்மா, அவர் இன்றே விமானம் ஓட்டுவதை நிறுத்த வேண்டும். கையிலிருக்கும் சான்று இன்னும் காலாவதியாகவில்லை என்பது இதற்குப் பதிலாகாது. இடையில் உடல்நிலை குறைந்தது தெரிந்த பிறகு பறக்கக் கூடாது என்பதே விதி. குளோனாசிபாம் உடலில் பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகும், ஆகவே இரவில் போட்டது காலையில் தெளிந்துவிடும் என்று நம்பக் கூடாது. அதே சமயம், பரிசோதனைக்குப் பயந்து மாத்திரையைச் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம், தான் விமானி என்பதைச் சொல்லியிருக்கிறாரா என்று உங்கள் கணவரைக் கேளுங்கள். பலர் சொல்வதே இல்லை. அண்மையில் ஓர் இளைஞர் என் மேசையில் வைத்த மாத்திரை அட்டையில், மருந்தின் பெயர் இருந்த ஓரம் மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது.

சொன்னவுடன் உரிமம் பறிபோகாது. பெரும்பாலும் கிடைப்பது 'தற்காலிகத் தகுதியின்மை'. குணமாகி, மருந்து நின்று, குறித்த காலம் கண்காணித்த பின் மறுபரிசோதனை உண்டு. எஸ்சிட்டலோபிராம் சாப்பிட்டுக்கொண்டே பறக்க அமெரிக்கா 2010 முதல் கடும் நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது என்று யாராவது காட்டினால், அது அந்த நாட்டு விதி, இங்கே எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

உங்களை உண்மையில் கெடுக்கப் போகிறவர் 'பார்த்துக்கொள்கிறேன்' என்று வரும் ஏஜென்ட். படிவத்தில் 'மருந்து எதுவும் இல்லை' என்று எழுதச் சொல்லிப் பணம் வாங்குவார். கையெழுத்து உங்கள் கணவருடையது, பின்னாளில் மருந்துக்கடை ரசீதோ காப்பீட்டுக் கோரிக்கையோ வெளிவரும்போது ஏஜென்டின் தொலைபேசி அணைந்திருக்கும். நோய்க்குக் கிடைப்பது ஓய்வு, பொய்க்குக் கிடைப்பது தண்டனை. இதே கூட்டம்தான் 'மாத்திரை வேண்டாம், அசுவகந்தாரிஷ்டம் குடியுங்கள்' என்றும் சொல்லும். அரிஷ்டத்திலும் ஆசவத்திலும் புளிக்கும்போதே சாராயம் உருவாகிறது. பணிக்கு முன் ஊதும் கருவியில் அது காட்டினால், முதல் முறையே மூன்று மாதம் உரிமம் நிறுத்தப்படும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். தந்தை போன துக்கத்தில் சில இரவுகள் தூக்கம் கெடுவது நோயல்ல. மாத்திரையில்லாமல், விடுப்பெடுத்து, ஆலோசகரிடம் பேசித் தேறுகிறவரை எவரும் தகுதியற்றவராக்கப் போவதில்லை. அழுததற்காகச் சான்று போனதை நான் பார்த்ததில்லை. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் ஆலோசகரிடமும் போகாமல், கடைசியில் மாத்திரைக்கு வந்து சேர்கிறார்கள். உங்கள் கணவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

2015-இல் ஆல்ப்ஸ் மலையில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தை மோதி தன்னையும் சேர்த்து 150 பேரின் உயிரைக் கொண்டுபோன துணை விமானி, மருத்துவர் கொடுத்த விடுப்புச் சீட்டை நிறுவனத்திடம் காட்டாதவர். அதன் பின்னரே, மனச்சிக்கலைச் சக விமானியிடம் நம்பிப் பேச வழிசெய்யும் சக விமானிகள் உதவித் திட்டம் ஐரோப்பாவில் கட்டாயமானது. இங்கும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023-இல் அதை அறிவுறுத்தியது. ஆனால் தரையில் அமர்ந்தால் பறக்கும் நேரத்துக்கான படி நின்றுவிடும், கோப்பு எப்போது நகரும் என்று சொல்ல ஆளில்லை. இந்த நிலையில் உண்மை பேசு என்று மட்டும் சொன்னால் யார் பேசுவார்கள்? தாமதத்தைக் குறைக்காமல் சுற்றறிக்கை விடுவதில் பயனில்லை.

நாளைக் காலையில் நிறுவன மருத்துவரை அவரே அழைக்கட்டும். எல்லா மருந்துச் சீட்டுகளையும், நோயின் பெயர், மருந்தின் அளவு, தொடங்கிய தேதி எழுதிய மனநல மருத்துவரின் கடிதத்தையும் எடுத்துச் செல்லட்டும். உரிம இழப்புக் காப்பீடு இருந்தால், அதன் விதிகளை இன்றிரவே நீங்கள் படித்துவிடுங்கள். தகவல் தெரிவிக்கக் காலக்கெடு இருக்கக்கூடும்.