ஸ்வெட்டர் இருக்கட்டும், முதலில் குட்டியை வெளியே தூக்கிக்கொண்டு போங்கள்

கேள்வி: இலையுதிர் காலம் தொடங்கும் நேரத்தில் எட்டு வார நாய்க்குட்டி ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது. குளிர், மழை, தடுப்பூசியும் முடியவில்லை. வசந்தம் வரை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு அப்புறம் வெளியே பழக்கலாம் என்றிருக்கிறோம். ஸ்வெட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: ஸ்வெட்டர் யோசனையில் காலண்டரைப் பார்க்க மறந்துவிட்டீர்கள். வசந்தம் வரும்போது உங்கள் குட்டிக்கு ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். புதிய ஆட்கள், சத்தங்கள், புதுத் தரை இவற்றைப் பெரிய பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் 3 வாரத்தில் தொடங்கி 14 வாரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். உங்கள் கையில் மிச்சம் ஆறு வாரம்தான்.

தடுப்பூசிக் கவலை நியாயமானதே. குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் குளிர்ந்த ஈர மண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஊசிகளும் 2 முதல் 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடரும். அதனால் மற்ற நாய்கள் உலவும் இடத்தில் தரையில் விடாதீர்கள். தூக்கிக்கொண்டு போக என்ன தடை? குடை பிடித்தவர், தொப்பிக் கோட்டு போட்டவர், சருகு பெருக்கும் சத்தம் எல்லாவற்றையும் உங்கள் கையிலிருந்தபடியே பார்க்கட்டும், கேட்கட்டும். முதல் ஊசி போட்டு 7 நாள் ஆனால், தடுப்பூசி போட்ட குட்டிகள் மட்டும் வரும் சுத்தமான பயிற்சி வகுப்புக்கே அனுப்பலாம் என்பதுதான் அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு.

இந்தப் பருவத்தில் உண்மையான தலைவலி கழிப்பிடப் பழக்கம். மழையில் கதவைத் திறந்து விட்டுவிட்டு நீங்கள் வாசலிலேயே நிற்பீர்கள். குட்டி ஈரப் புல்லில் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிவந்து கம்பளத்தில் போகும். அடம் என்று நினைக்காதீர்கள், கால் சில்லிட்டிருக்கிறது. முற்றத்தில் ஓர் ஓரத்தில் சருகை வாரி, ஒரே இடத்தைத் துப்புரவாக வைத்திருங்கள். வாரைப் பிடித்துக் கூடவே போய், ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். போய் முடித்ததும் அங்கேயே, இரண்டு விநாடிக்குள் தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கூலி என்றுதான் அது புரிந்துகொள்ளும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணி நேரத்திலும், விளையாடியபின்னும் வெளியே கொண்டுபோங்கள். பகலில் மற்ற நேரத்தில் இரண்டு மணிக்கொரு முறை போதும்.

அடுத்தது வாய். உதிர்ந்த இலையைக் கடிப்பதில் பெரிய ஆபத்தில்லை. அதன் அடியில் இருப்பதுதான் ஆபத்து. காளான், ஓக் மரத்தின் கொட்டை, அழுகிய பழம் எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஓக் கொட்டை குடலையே அடைத்துவிடக்கூடும். குட்டி எதையாவது கவ்வினால் துரத்தாதீர்கள், துரத்தினால் விழுங்கிவிடும். மூக்கருகே இறைச்சித் துண்டைக் காட்டுங்கள், வாய் தானாகத் திறக்கும். எலிகள் வீட்டுக்குள் ஒதுங்கும் பருவம் இது, எனவே எலிமருந்து எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பல எலிமருந்துகளில் ரத்தக்கசிவு மூன்று நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். கார் ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்புத் திரவம் இனிக்கும். சிந்தியதை நக்கினால் சிறுநீரகம் போய்விடும். இரண்டில் எதைத் தொட்டிருந்தாலும் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வைத்தியம் வேண்டாம், உப்பே விஷமாகும்.

உண்ணி குளிருக்குப் பயந்து ஓடிவிடாது. வெளியே போய்வந்ததும் விரலிடுக்கு, காதோரம், அக்குள் தடவிப் பாருங்கள். உண்ணி மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. குட்டி வாராவாரம் கனக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் எடை பார்த்தே வாங்குங்கள்.

ஸ்வெட்டர்? உடம்பில் முடி குறைந்த, சிறிய இனமாக இருந்தால் வாங்குங்கள். கழுத்தில் இரண்டு விரல் நுழையும் தளர்வு வேண்டும். நனைந்தால் உடனே கழற்றிவிடுங்கள். ஈரக் கம்பளி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.