அறுபது விசைகள் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பகலில் நிரல் எழுதுவது, இரவில் மொழிபெயர்ப்பு. தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசை அமைப்பு. உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு வாங்கியிருக்கிறார். அதில் அம்புக்குறி விசைகள் இல்லை, மேலே எஃப்1, எஃப்2 என்று போகும் வரிசை இல்லை, கேப்ஸ் லாக்குக்குத் தனி விசைகூட இல்லை. கீபோர்டு வடிவமைப்பில் இதற்கு மேல் ஒன்று கிடையாது என்கிறார் அவர். இணையத்தில் தேடினால் எல்லோரும் தட்டும் சத்தத்தையும் பிளாஸ்டிக்கின் தரத்தையும் பற்றியே பேசுகிறார்கள். விலையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. இது உண்மையிலேயே நல்ல வடிவமைப்பா, அல்லது சின்னதாக, அழகாக இருப்பதால் வரும் ஆசையா? ஒரு சிறிய கீபோர்டை எதை வைத்து எடைபோடுவது?

கே., கோவை

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சொல்வது அவருடைய வேலைக்குச் சரி. உங்கள் பகல் வேலைக்கும் சரி. உங்கள் இரவு வேலைக்குச் சரியில்லை. இதை விளக்க அந்தக் கீபோர்டு எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அதன் அமைப்பை வகுத்தவர் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எய்ட்டி வாடா. ஜப்பானின் கணினித் துறை முன்னோடிகளில் ஒருவர். 1990களின் தொடக்கத்தில் அவரைப் போன்றவர்கள் ஒரே நாளில் சன், ஆப்பிள், ஐபிஎம் வகை என்று பல கணினிகளில் வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒன்றில் கன்ட்ரோல் ஓரிடத்தில் இருக்கும், இன்னொன்றில் வேறிடத்தில். எஸ்கேப்பும் அப்படித்தான். கணினி மாறினால் விரல்களும் மாற வேண்டும். வாடாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒருவர் தன் கீபோர்டைக் கையோடு வைத்துக்கொண்டு எந்தக் கணினியிலும் செருகிக்கொள்ள வேண்டும் என்றார். குதிரை செத்துப் போனால் அமெரிக்க மாட்டிடையர்கள் அதை விட்டுவிட்டு, சேணத்தை மட்டும் பாலைவனம் முழுக்கச் சுமந்து நடப்பார்கள் என்பது அவர் சொன்ன உவமை. கணினிதான் குதிரை. பிஎஃப்யு என்ற ஜப்பானிய நிறுவனம் 1996 டிசம்பரில் அந்தக் கீபோர்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விசைகள் மொத்தம் 60.

எங்கும் தூக்கிச் செல்ல வேண்டும் என்பதால் விசைகளைக் குறைத்தார்கள். ஆனால் எதைக் குறைக்கவில்லை என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஒரு எழுத்து விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19.05 மில்லிமீட்டர். பெரிய கீபோர்டுகளில் உள்ள அதே அளவு. எண் பகுதியோடு கூடிய முழுக் கீபோர்டு சுமார் 44 சென்டிமீட்டர் அகலம் இருக்கும், இது 29.4 தான். அந்த வித்தியாசம் முழுக்க ஓரங்களிலிருந்து எடுத்தது, எழுத்துகளிடமிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட எடுக்கவில்லை. மவுஸும் அந்த அளவுக்கு அருகில் வந்துவிடுவதால் வலது தோளுக்கும் நல்லது. எழுத்து விசைகளை நெருக்கிச் சிறிதாக்கிய எந்தக் கீபோர்டையும் நான் சிறிய கீபோர்டு என்று ஏற்க மாட்டேன். அது குறைபட்ட கீபோர்டு.

அடுத்தது, மிச்சம் வைத்த விசைகளை எங்கே வைத்தார்கள் என்பது. ஏ எழுத்தின் இடப்பக்கம் கன்ட்ரோல். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1976 வாக்கில் வந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) முனையத்தில், அதாவது பெரிய கணினியோடு இணைக்கும் திரையும் கீபோர்டும் சேர்ந்த கருவியில், கன்ட்ரோல் அங்கேதான் இருந்தது. யூனிக்ஸ் இயங்குதளம் கொண்ட பல கணினிகளிலும் அங்கேதான். 1980களின் நடுவில் ஐபிஎம் தன் 101 விசைக் கீபோர்டில் அந்த இடத்தைக் கேப்ஸ் லாக்குக்குக் கொடுத்துவிட்டு, கன்ட்ரோலைக் கீழ் மூலைக்குத் தள்ளியது. உலகமே அதைப் பின்பற்றியது. நாள் முழுக்க அழுத்த வேண்டிய ஒன்று மூலையிலும், எப்போதோ ஒருமுறை தேவைப்படுவது சுண்டுவிரலின் காலடியிலும் போய் உட்கார்ந்தன. வாடா அதைத் திருப்பி வைத்தார். எழுத்தை அழிக்கும் விசையையும் மேல் வரிசையின் கோடியிலிருந்து ஒரு வரிசை கீழே இறக்கி, என்டருக்கு நேர் மேலே வைத்தார். அடிக்கடி அழித்து எழுதுபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது பழகிய சில நாட்களிலேயே தெரியும். (கன்ட்ரோலையும் கேப்ஸ் லாக்கையும் இடம் மாற்றிக்கொள்ள எந்தக் கணினியிலும் வழி உண்டு. அதற்காக மட்டும் யாரும் புதிய கீபோர்டு வாங்க வேண்டியதில்லை.)

சரி, அம்புக்குறிகளுக்கு வருவோம். அவற்றை எடுத்ததை உங்கள் நண்பர் ஏன் இழப்பாக உணரவில்லை? நிரலாளர்கள் இன்றும் விரும்பும் வி (vi) என்ற எடிட்டரை பில் ஜாய் என்ற நிரலாளர் உருவாக்கியது அந்த ஏடிஎம்-3ஏ முனையத்தில். அதில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேல் அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. வி அதையே எடுத்துக்கொண்டது. ஈமாக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரைப் பயன்படுத்துபவர்கள் கன்ட்ரோலைப் பிடித்தபடி நான்கு எழுத்துகளால் நகர்வார்கள். ஆக நிரலாளரின் கையில் நகர்வதற்கு வேறு வழி ஏற்கெனவே இருந்தது. இந்தக் கீபோர்டு எடுத்துவிட்டது அவர் தேடாத ஒன்றை. சிறிய கீபோர்டை எடைபோட எனக்குத் தெரிந்த முதல் கேள்வி இதுதான்: எடுத்துவிட்ட விசையின் வேலையை இனி எந்த விரல் செய்யப்போகிறது, ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் எத்தனை தடவை?

இதே கேள்வியை உங்கள் இரவு வேலையிடம் கேளுங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு தமிழ்99. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. அதன் வடிவமைப்பு மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பதினெட்டு மெய்களுக்கும் வலது பக்கத்தில் இடம் போதாததால் அது ஆங்கில எழுத்துகளைத் தாண்டி நிறுத்தற்குறிகளின் பகுதிக்குள் போகிறது. சதுர அடைப்புக்குறிகளில் ச, ஞ. அரைப்புள்ளியில் ந. அதன் பக்கத்து மேற்கோள்குறியில் ய. சாய்கோட்டில் ழ. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அந்த ஓரம் எப்போதாவது போய்வரும் இடம். நமக்கு அங்கே ச, ந, ய இருக்கின்றன. அவை இல்லாமல் ஒரு பத்தி எழுத முடியாது.

இப்போது ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டில் அம்புக்குறிகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். மற்ற விசைகளுக்கு இரண்டாவது வேலை கொடுக்கும் எஃப்என் (Fn) விசையை அழுத்தியபடி இடது சதுர அடைப்புக்குறியைத் தட்டினால் மேலே போகும். அரைப்புள்ளி இடம், மேற்கோள்குறி வலம், சாய்கோடு கீழே. அதாவது மேலே ச, இடத்தில் ந, வலத்தில் ய, கீழே ழ. எஃப்என் விசை இருப்பது வலது ஷிப்டுக்கு அப்பால், கடைசியில். வலது சுண்டுவிரலால் அதைப் பிடித்துக்கொண்டு, அதே கையின் மற்ற விரல்களை அந்தச் சுண்டுவிரலின் சொந்தப் பகுதிக்குள் திணிக்க வேண்டும். எப்போதாவது ஒருமுறை என்றால் பரவாயில்லை. மொழிபெயர்ப்பில் ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டுத் திரும்பிப் போய் ஒரு விகுதியை மாற்றுவதும், ஒற்று சேர்ப்பதும்தான் பாதி வேலை. அந்தக் கை வலிக்கும்.

நிரலாளரின் வழியும் இங்கே உதவாது. தமிழ்99 இயங்கிக்கொண்டிருக்கும்போது எச், ஜே, கே, எல் என்பவை க, ப, ம, த. வியில் நகர வேண்டுமென்றால் ஆங்கிலத்துக்கு மாறி, நகர்ந்து, மீண்டும் தமிழுக்கு வர வேண்டும். வியின் வழிவந்த விம் எடிட்டருக்குள் எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற கீமேப் அமைத்துக்கொண்டால் இதைச் சமாளிக்கலாம்தான். ஆனால் பதிப்பகம் வேர்டு கோப்பு கேட்கிறது, பெரும்பாலோர் எழுதுவது அதில் அல்லது கூகுள் டாக்ஸில்.

இன்னொன்றும் உண்டு. தமிழில் பேக்ஸ்பேஸும் டெலீட்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பல மென்பொருள்களில் 'கு' என்ற எழுத்துக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் தட்டினால் உகரம் மட்டும் போய் 'க' நிற்கும். முன்னால் நின்று டெலீட் தட்டினால் முழு எழுத்தும் போகும். பிழை திருத்துபவருக்கு இரண்டும் வேண்டும். இந்தக் கீபோர்டில் இரண்டில் ஒன்று எஃப்என் அடுக்குக்குள் போய்விடுகிறது.

பிஎஃப்யு நிறுவனமே இந்தப் பிரச்சினையைத் தன் மொழியில் சந்தித்திருக்கிறது. 2008இல் அவர்கள் ஜப்பானிய அமைப்பில் தனியாக ஒரு மாதிரி கொண்டுவந்தார்கள். அதில் 69 விசைகள், அம்புக்குறிகளும் தனியே உண்டு. ஜப்பானிய மொழியில் ஒலியைத் தட்டிவிட்டு அதைக் காஞ்சி (kanji) எனப்படும் சீன வழி எழுத்துகளாக மாற்ற வேண்டும், எந்தத் துண்டு எங்கே முடிகிறது என்று நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். அந்தக் கைக்கு அம்புக்குறி தேவை, அதனால் கொடுத்தார்கள். 60 என்பதை அதை உருவாக்கியவர்களே மாறாத விதியாக வைத்துக்கொள்ளவில்லை. தமிழுக்காக யாரும் அப்படி யோசித்து ஒரு சிறிய கீபோர்டு செய்து நான் பார்த்ததில்லை. அது வர வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

மற்ற சிறிய கீபோர்டுகளையும் இதே கண்ணோடு பாருங்கள். முழுக் கீபோர்டோடு ஒப்பிட்டு இவற்றின் அளவைச் சதவீதத்தில் சொல்வார்கள். 40 சதவீதம் என்று சொல்லப்படும் மிகச் சிறியவற்றில் சதுர அடைப்புக்குறிகளுக்குத் தனி விசையே கிடையாது. ஒவ்வொரு ச-வுக்கும் இன்னொரு விசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தமிழ்99க்கு அவை வேண்டவே வேண்டாம். 60 சதவீதப் பலகைக்குள் அம்புக்குறிகளையும் நுழைக்க வேண்டும் என்பதற்காகச் சிலர் வலது ஷிப்டைச் சுருக்கி ஒற்றை விசையாக்கி, அதன் பக்கத்தில் மேல் அம்பை வைக்கிறார்கள். இதுதான் எனக்கு மிகவும் கோபம் வரவைக்கும் அமைப்பு. தமிழ்99இல் ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் இடது கையின் மேல் வரிசையில் ஷிப்டோடு வருபவை. முறையாகத் தட்டச்சு பயின்றவர் அதற்கு வலது ஷிப்டைத்தான் அழுத்துவார். விரல் கொஞ்சம் தவறினால் கர்சர் மேல் வரிக்குத் தாவி, 'ராஜா'வின் பாதி முந்தைய வாக்கியத்துக்குள் விழும். ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழைத் தட்டும் அஞ்சல் முறையில் எழுதுபவர்களுக்கு ண, ள, ற மூன்றுக்குமே ஷிப்ட் வேண்டும். அவர்கள் பாடு இன்னும் மோசம்.

அம்புக்குறிகள் இருந்தால் மட்டும் போதாது, அவற்றின் வடிவமும் முக்கியம். நாம் பழகிய தலைகீழ் 'டி' (T) வடிவத்தைப் பரவலாக்கியது டெக் (DEC) என்ற கணினி நிறுவனத்தின் எல்கே201 கீபோர்டு, 1982. அதில் மேல் அம்பின் இரு பக்கமும் காலியாக இருக்கும். அந்தக் காலி இடம் வீணல்ல. விரல் அதைத் தடவித்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று அறிந்துகொள்கிறது. ஆப்பிள் 2015இல் வெளியிட்ட மெல்லிய மேக்புக்கில் இடம், வலம் அம்புகளை முழு உயரத்துக்கு வளர்த்து அந்த இடத்தை நிரப்பியது. பார்க்கக் கச்சிதமாக இருந்தது, ஆனால் பார்க்காமல் தட்ட முடியவில்லை. 2019இல் 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பழைய வடிவத்துக்கே திரும்பினார்கள். இடையில் தொடுதிரைப் பட்டைக்குள் போயிருந்த எஸ்கேப் விசையும் அதே மாதிரியில் திரும்பி வந்தது.

சத்தம், தொடு உணர்வு பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2003 முதல் ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டின் உயர்ரக மாதிரிகளில், விசையின் அடியில் இருந்து அழுத்தத்தை உணரும் பகுதியாக, டாப்ரே ஸ்விட்ச் வந்தது. 45 கிராம் அழுத்தம், ரப்பர் குவிமாடத்தின் கீழே கூம்பு வடிவச் சுருள்கம்பி. உண்மையிலேயே அருமையான தொடு உணர்வு. நாலைந்து மணி நேரம் எழுதினாலும் விரல்நுனி களைப்பதில்லை. ஆனால் விசை தவறான இடத்தில் இருந்தால் எந்த ஸ்விட்சாலும் அதைச் சரிசெய்ய முடியாது. மதிப்புரைகள் ஸ்விட்சைப் பற்றியே பேசுவதற்குக் காரணம் அதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்பதுதான். அமைப்பைச் சொல்ல எழுதிப் பார்க்க வேண்டும்.

நீங்கள் எழுதிப் பாருங்கள். கடையிலோ நண்பரிடமோ எந்தச் சிறிய கீபோர்டு கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு 'சந்தோஷம்', 'ஞாயிறு', 'பழைய', 'யாழ்' என்று தட்டுங்கள். நான் மேலே சொன்ன ஓர விசைகள் எல்லாமும் வலது ஷிப்டும் இந்த நான்கு சொற்களுக்குள் வந்துவிடும். எங்காவது விரல் நின்று யோசித்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஏற்கெனவே எழுதிய ஒரு பக்கத்தை அதில் திருத்திப் பாருங்கள். புதிதாக எழுதும்போது மறைந்திருக்கும் குறைகள் திருத்தும்போது வெளியே வரும்.

உங்கள் இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒன்றுதான் வாங்குவது என்றால், 65 அல்லது 75 சதவீதம் என்று விற்கப்படும் வகையில் தேடுங்கள். எழுத்து விசைகள் முழு அளவு, அடைப்புக்குறிகள் அவற்றின் இடத்தில், வலது ஷிப்ட் விரல் தேடாமல் சிக்கும் அகலத்தில், அம்புகளைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி. ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டின் அகலத்தைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடும், விலை பெரும்பாலும் பல மடங்கு குறையும்.

மனம் அதிலேயே நிற்கிறது என்றால் நண்பரிடம் ஒரு வாரம் கடன் கேளுங்கள். அடிப்பகுதியில் ஒரு சின்ன மூடிக்குள் ஆறு குட்டி ஸ்விட்சுகள் வரிசையாக இருக்கும். நான்காவதை மாற்றினால் ஸ்பேஸ் பாரின் இடப்பக்கம் ஒட்டியிருக்கும் விசை எஃப்என் ஆகிவிடும். இடது கட்டைவிரல் அதைப் பிடித்துக்கொள்ள, வலது கை ச, ந, ய, ழ இடங்களில் தாராளமாக நகரலாம். சுண்டுவிரலுக்குப் பெரிய விடுதலை. அந்த ஒரு வாரத்தில் மொழிபெயர்ப்பை மட்டும் அதில் செய்யுங்கள், நிரல் வேண்டாம். எந்த விரல் வலித்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்.