கெட்ட குமாரன் கதை ஏன் பாதியில் நின்றது?

சகோதரரே, ஜார்க்கண்டில் ஒரு முண்டா பழங்குடி கிராமத்தில், பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பிய மகனைப் பற்றி இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையைச் சொன்னபோது, அவன் பன்றி மேய்த்த இடம் வந்ததும் "நல்ல வேலைதானே கிடைத்திருக்கிறது" என்று ஒரு பெரியவர் சொல்ல, கதை அங்கேயே நின்றுபோனது என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் தளர வேண்டாம். பன்றி வளர்க்கிற ஊரில் அது அவமானமாகத் தோன்றாது. யூதர்களுக்குப் பன்றி தீட்டு என்பதைத் தொடங்கும் முன்பே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். நடுவில் நிறுத்தி விளக்கினால் கதை செத்துவிடும்.

மிஷனரி டான் ரிச்சர்ட்சனுக்கு விழுந்தது இதைவிடப் பெரிய அடி. 1962இல் நியூகினித் தீவில் சாவி பழங்குடி மக்களிடம் போனவர் அவர். இயேசுவின் கதையைச் சொன்னபோது, அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸைத்தான் அவர்கள் வீரன் என்று மெச்சினார்கள். நண்பனாகப் பழகி வஞ்சிப்பது அப்போது அங்கே பெரிய திறமை. அப்புறம், சண்டையிட்ட ஊர்கள் சமாதானமான விதத்தை அவர் கண்ணால் பார்த்தார். ஒரு தகப்பன் தன் கைக்குழந்தையைத் தூக்கிப் பகைவர் கையில் கொடுத்தான். அந்தக் குழந்தை உயிரோடு இருக்கும்வரை சமாதானம் நிற்கும். தேவன் தம் குமாரனைத் தந்ததை அந்த வழக்கத்தை வைத்தே சொன்னார். சமாதானத்துக்காகத் தந்த குமாரனையே யூதாஸ் காட்டிக்கொடுத்தான் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

அதனால் அடுத்த முறை எடுத்தவுடன் கதை சொல்லாதீர்கள். அப்பா இருக்கும்போதே பங்கு கேட்டு வாங்கிக்கொண்டு போன மகன் திரும்பி வந்தால் இந்த ஊரில் என்ன செய்வீர்கள் என்று அந்தப் பெரியவரிடமே கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கட்டும். பிறகு, தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட இடத்தை மட்டும் சொல்லுங்கள்.